அடையாளத்தார் சேர்த்த ஒரு சொல்

அரசு மருத்துவமனையின் பின்கட்டில், பிணவறைக்கு அடுத்த அறையில் இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருந்த எழுத்தருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று அங்கே யாருக்கும் நினைவில்லை. எல்லாரும் அடையாளத்தார் என்றார்கள். பெயர் தெரியாத பிணங்களுக்கு அடையாளம் எழுதுவது அவர் வேலை. பெயர் இல்லாதவர்களோடு இருந்து இருந்து அவர் பெயரும் போய்விட்டது என்று குளிர்பெட்டிக் காவலாளி சொல்வார். பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்கும் என்று பழமொழி சொல்கிறது. மற்றவற்றோடு சேர்ந்தால் நாருக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாமல் விட்டுவிட்டது.

ஆற்றில் மிதந்தவர்கள், சாலையில் அடிபட்டவர்கள், பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்ச்சேர்ந்தவர்கள் அங்கே வருவார்கள். எண் போடப்படும். இருபத்தொரு நாள் குளிர்பெட்டி. அதற்குள் உரியவர் வந்தால் உண்டு. இல்லையென்றால் ஊர்க்கோடி இடுகாட்டில் எண் எழுதிய ஒரு சிமெண்டுக் கல். தண்ணீரும் சக்கரமும் முகத்தை விட்டுவைப்பதில்லை என்பதால் புகைப்படத்தை வெளியே மாட்டுவதில்லை. ஒருமுறை மாட்டியதில், வேறு எதற்கோ வழி கேட்டு வந்த கர்ப்பிணி ஒருத்தி மயங்கி விழுந்தாள். அதிலிருந்து அடையாளத்தார் எழுதும் தாள் மட்டும் நடைக்கூடத்துக் கண்ணாடிப் பலகையில் தொங்கும். தாள் பொருந்துகிறது என்று வந்து நிற்பவர்களுக்குத்தான் உறையைப் பிரித்துப் படத்தைக் காட்டுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாளில் 'களையான முகம்' என்று எழுதினார். ஒரே வாரத்தில் முப்பது குடும்பங்கள் வந்தன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதை அவர் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தார். அர்த்தம் அலுவலகத்தில்தான் புரிந்தது. அன்றோடு புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அவர் பேனாவை விட்டுப் போயின. அளவுகோல் ஒப்புக்கொள்வதை எழுதினார், விரல் தொட்டு ஒப்புக்கொள்வதை எழுதினார். 'வலது காதின் நுனி மடிந்தது. கீழ்வரிசையில் இரண்டு பல் ஒன்றன்மேல் ஒன்று. இடது செருப்பின் வார் மட்டும் கம்பியால் கட்டப்பட்டது.' அழகு, பாவம், ஏழை, நல்லவன் ஆகியவை அந்த அறையில் செல்லாக் காசு.

இந்தப் பழக்கத்தால் வீட்டில் ஏற்பட்ட சேதம் தனி.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பாத்துட்டுப் போய் உங்க அம்மாகிட்ட என்ன சொன்னீங்க? அஞ்சடி ஒரு அங்குலம், இடது புருவத்துல ஒரு வெட்டு. நீங்க பொண்ணு பாத்தீங்களா, காணாமப்போன ஆளைப் பாத்தீங்களா?" என்பாள் மனைவி.

"வெட்டு இருக்குதானே."

"இருக்கு. அது ஒண்ணுதான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது."

இயந்திரம் வந்தது போன வருடம். மேலாளர் எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பினார். கூட்டத்துக்குப் போய்த் திரும்பும் மேலாளர் வெறுங்கையோடு வருவதில்லை. எழுத்தில் சொன்னால் படம் வரையும் மென்பொருள் அது. "படிக்கத் தெரியாதவங்களும் இங்க வர்றாங்க. படம்னா பாத்ததும் தெரிஞ்சிடும். நீங்க தாள்ல எழுதுறதை இதுல எழுதுங்க, அவ்வளவுதான்" என்றார். யோசனையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய தவறுகள் பெரும்பாலும் குற்றம் சொல்ல முடியாத யோசனையாகத்தான் வாசற்படி ஏறுகின்றன.

அதை நிறுவ வந்த கணினி அம்மா, ஐம்பதை நெருங்கியவர், அரை நாள் சொல்லிக்கொடுத்தார். படத்துக்காக எழுதுவதை அவர் ப்ராம்ப்ட் என்றார். அடையாளத்தார் அதைக் குறிப்பு என்றே எழுதிக்கொண்டார். அவருக்கு அது புது வேலையாகத் தோன்றவில்லை.

முதல் குறிப்பில், வழக்கம்போல, 'மீசை இல்லை. தழும்பு இல்லை. கண்ணாடி அணியவில்லை' என்று எழுதினார். திரையில் கொத்து மீசையும், கன்னத்தில் தழும்பும், மூக்கில் தங்கச்சட்டக் கண்ணாடியுமாக ஒருவன் வந்து நின்றான்.

"மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதேன்னு சொன்ன கதைதாங்க. பேரைச் சொன்னா அதுக்குக் குரங்குதான் கண்ணுல நிக்கும். இல்லாததைச் சொல்லாதீங்க, இருக்கிறதைச் சொல்லுங்க. மேலுதடு மழிச்சதுன்னு எழுதுங்க" என்றார் கணினி அம்மா.

எழுதினார். மீசை போயிற்று. இல்லை என்ற சொல்லை வைத்து இருபத்தாறு வருடம் பிழைத்தவருக்கு, அந்த வயதில் அதை விடுவது சிரமமாகத்தான் இருந்தது.

பிறகு அவரே கண்டுபிடித்தவை பல. முதலில் எழுதும் சொல்லுக்கு எடை அதிகம். கடைசியில் எழுதுவது கேட்டும் கேட்காததும்போல் போகும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, முகம் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, பின்னால் என்ன நிறச் சுவர் என்று சொல்லாவிட்டால், அது பாட்டுக்கு மாலை வெயிலையும் பின்னணியில் ஒரு மலையையும் கொண்டுவந்து வைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, சொல்லாமல் விட்ட இடத்தை அது சும்மா விடாது. தன் சொந்தச் சரக்கை வைத்து நிரப்பும். பல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் முத்துப் பல். காதைச் சொல்லாவிட்டால் ஜோடிப் பொருத்தமான காது. வயதை விட்டுவிட்டால் எல்லாருக்கும் முப்பது. ஆகவே 'நேர்ப் பார்வை. சாம்பல் சுவர். மேலிருந்து குழல்விளக்கு வெளிச்சம். வயது ஐம்பத்திரண்டு. மூக்கு நடுவில் இடப்பக்கம் வளைந்தது. வலது கண்ணிமை இடதைவிடத் தாழ்ந்தது' என்று ஒரு சந்து விடாமல் அடைத்தார். அடைத்த குறிப்புகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான்கு மாதத்தில் பதினோரு உடல்களுக்கு உரியவர்கள் கிடைத்தார்கள். அதற்கு முன் எந்த நான்கு மாதத்திலும் அத்தனை பேர் வந்ததில்லை.

மேலாளர் பூரித்துப்போய், பலகையில் இனிப் படம் மட்டும் போதும் என்றார்.

"தாளையும் பக்கத்துல மாட்டலாம்ங்க."

"படம் இருக்கும்போது யாரு நின்னு படிப்பா? போர்டுல இடமும் இல்ல."

இடம் இல்லை என்பது உண்மை. பலகை அவ்வளவு நிறைந்திருந்தது.

அந்தப் பலகைக்குத் தவறாமல் வரும் ஒருத்தியைக் காவலாளி திங்கட்கிழமை என்பார். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. வார விடுமுறை திங்கள். "திங்கக்கிழமை வந்தாச்சு" என்று குரல் வந்தால் மணி பத்தே கால். நாற்பத்தைந்து வயது இருக்கும். தம்பியைத் தேடினாள். கூடவே வைத்திருந்த தம்பி. ஒரு நாள் தட்டை வீசியெறிந்து சண்டை போட்டுவிட்டுப் படியிறங்கினவன், பதினொரு மாதமாகப் படியேறவில்லை. பலகையை இடமிருந்து வலமாகப் பார்ப்பாள். "இல்ல" என்பாள், யாரிடமும் இல்லாமல். போய்விடுவாள். அந்த 'இல்ல'வுக்காகத்தான் ஒவ்வொரு வாரமும் இரண்டு பேருந்து மாறி வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

முதல்முறை வந்தபோது அடையாளத்தார் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு தம்பியின் அடையாளம் கேட்டார்.

"கோவக்காரன்ங்க. பிடிவாதம். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான், எல்லாத்தையும் மூஞ்சியில வச்சுக்குவான். பத்து வயசுலேர்ந்து மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டேதான் இருப்பான்."

"அதில்லம்மா. அடையாளம்."

"அதைத்தானே சொல்றேன்."

தழும்பு, மச்சம், உடைந்த பல் எதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. போட்டோவும் இல்லை, எடுக்கவே விடமாட்டானாம். படிவத்தில் 'அடையாளம் எதுவும் கூறவில்லை' என்று எழுதி அவர் கோப்பில் வைத்தார்.

இருநூற்றுப் பதினான்கு ஒரு வியாழக்கிழமை வந்தது. மதகில் சிக்கிய உடல். தண்ணீரில் நான்கு நாள். ஆண், முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்திரண்டு. அடையாளத்தார் தாளை நிரப்பினார். நெற்றி அகலம். புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக இரண்டு ஆழமான மடிப்பு. ஊறிய தோலிலும் தெரிந்தன. உதட்டின் இடது ஓரம் கீழே இழுத்தது. பற்கள் இறுகிக் கடித்தபடி. சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் கையால் தைத்தது. அதன் அடியில் நூல் ஏழு சுற்று, முடிச்சு துணியின் மேல்பக்கம். ஏழா எட்டா என்பதற்காக உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து எண்ணினார். யாரும் அவரிடம் கேட்டதல்ல அது. கேட்காததையும் சரியாகச் செய்கிறவர்களுக்கு, கேட்டதில்தான் எங்காவது சறுக்கும்.

முகத்தை மட்டும் குறிப்பாக எழுதி இயந்திரத்திடம் கொடுத்தார். வந்தவன் திரைக்குள்ளிருந்து அடிக்க வருவதுபோல் முறைத்தான். மேலாளர் பார்த்துவிட்டு, "இதை மாட்டினா போலீஸ் தேடுற ஆள்னு நினைப்பாங்க. சொந்தக்காரங்களே கிட்ட வரப் பயப்படுவாங்க. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்றார். மறுபடி எழுதினார். மறுபடி முறைத்தான். இப்படியே செவ்வாய் வந்துவிட்டது.

அன்று காலை வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னார். மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"செத்தவனுக்காவது ஒரு நல்ல வார்த்தை எழுதினா என்ன? பேனா தேஞ்சா போயிடும்? உயிரோட இருக்கிறவளுக்குத்தான் கொடுத்து வைக்கல."

சிரிக்கத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பேருந்தில் வரும்போது அந்த இறுகிய பல்வரிசை கண்முன் நின்றது. எதையோ கடித்துக்கொண்டே தண்ணீருக்குள் போனவன். இருபத்தேழு வருடத்தில் எழுதாத ஒன்றை ஒரு தடவை எழுதினால் யாருக்கு நட்டம் என்று தோன்றியது. அறைக்கு வந்து திரையைத் திறந்து, குறிப்பின் தொடக்கத்தில், எடை அதிகமுள்ள இடத்தில், 'அமைதியான' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். மீதியில் கை வைக்கவில்லை.

இயந்திரம் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. மடிப்பு இரண்டும் மறைந்தன. உதட்டோரம் மேலே ஏறிக்கொண்டது. தாடை தளர்ந்தது. வேலை முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனின் முகம் வந்தது. மடிப்பு போனதை அவர் கவனித்தார். கவனித்தும் மாட்டினார். பலகையில் அதுவரை தொங்கிய படங்களில் அதுதான் அழகு.

மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு தாய் வந்து, கண்ணாடியில் கை வைத்து, என் பிள்ளை என்றாள். ஒரு மனைவி வந்தாள். இரண்டு அண்ணன்கள் சேர்ந்து வந்தார்கள். அவனுக்கு உரியவர் தவிர எல்லாருக்கும் அவன் உரியவனாக இருந்தான். சட்டையும் உயரமும் பல்லும் ஒத்துவராமல் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியாக வந்த கிழவர் மட்டும் திரும்பவில்லை. அவர் மகனுக்கு வலது கையில் நான்கு விரல். இந்த உடலுக்கு ஐந்து. அடையாளத்தார் அதைப் பொறுமையாகச் சொன்னார்.

"அஞ்சு இருந்தா என்னங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் கிழவர்.

"ஐயா, இது உங்க மகன் இல்ல."

"தெரியுது. கொண்டுபோய் அடக்கம் பண்ண எங்களுக்கு ஒண்ணு வேணும்ங்க. ஆறு வருஷம் ஆச்சு. உங்ககிட்டயும் இது சும்மாதானே கிடக்கு."

காவலாளி அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை பத்தே காலுக்கு வந்தாள். இடமிருந்து வலமாகப் பார்த்து வந்தவள் புதுப் படத்தின் முன்னால் நின்றாள். வழக்கத்தைவிட அதிக நேரம். ஜன்னல் வழியாக அடையாளத்தார் எட்டிப் பார்த்தார்.

"யாரு பெத்த புள்ளையோ. நல்ல முகம்ங்க. இந்த மாதிரி ஒருத்தன் எங்க வீட்ல இருந்திருந்தா நான் ஏன் இங்க வரப்போறேன்" என்றாள். பிறகு, "இல்ல" என்றாள்.

அடுத்த வாரமும் வந்தாள். ஏற்கெனவே பார்த்த படம். கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. புதன்கிழமை இருபத்தொன்றாம் நாள் முடிந்தது. வியாழன் காலை இருநூற்றுப் பதினான்கு இன்னும் மூன்று எண்களோடு வண்டியில் இடுகாட்டுக்குப் போனது.

புதைத்த பிறகு கோப்பை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. உடையிலிருந்து அடையாளம் உள்ள இடத்தைக் கையகலம் வெட்டித் தாளோடு இணைக்க வேண்டும். அடுத்த திங்கள் காலை, மூன்றாவது பொத்தான் இருந்த துண்டைத் தாளின் மூலையில் குத்திக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலுக்கு வந்தாள். பலகையில் நான்கு ஆணி காலியாக இருக்கிறதே, ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனார்களா என்று கேட்கத்தான் வந்தாள். அடுத்தவருக்காவது கிடைத்தால் கேட்டுச் சந்தோஷப்படுகிற குணம் அங்கே வருகிறவர்களுக்கு உண்டு.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. துணியையே பார்த்தாள்.

"அந்தப் பட்டனை யாரு தைச்சது?"

"தெரியலம்மா. கையால தைச்சது."

"தொடாம சொல்றேன். அடியில ஏழு சுத்து இருக்கும். முடிச்சு மேல இருக்கும்."

அடையாளத்தார் துண்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, எண்ணினவர் அவர்.

"கோவம் வந்தா சட்டையைப் பட்டனோட பிச்சு எறிவான். அதுக்காக அப்படித் தைப்பேன். சட்டை கிழிஞ்சாலும் பட்டன் வராது" என்றாள். சொல்லிக்கொண்டே தாளைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக்கூட்டாமல், தொழிற்சாலை அளவுச்சீட்டைப் படிக்கும் வேகத்தில் படித்தாள். நெற்றியைப் படித்தாள். மடிப்பைப் படித்தாள். உதட்டோரத்தில் நின்றாள்.

"இது எழுதி எத்தனை நாளாச்சு?"

"உடல் வந்த அன்னைக்கே எழுதினது."

"நான் ரெண்டு வாரம் வந்தேனே. இதை ஏன் மாட்டல?"

"இப்ப படம் மட்டும்தான் மாட்டறது."

"படத்துல இந்த மடிப்பு இல்லையே."

அந்த இடத்தில் சொல்லக்கூடியவை பல இருந்தன. இயந்திரம் என்று சொல்லலாம். மேலாளர் என்று சொல்லலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

"குறிப்புல மடிப்பு இருந்துச்சும்மா. நான்தான் முன்னாடி ஒரு வார்த்தை சேர்த்தேன். அது மடிப்பை எடுத்துடுச்சு."

"என்ன வார்த்தை?"

"அமைதியான."

அவள் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. அது போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"அவனா," என்றாள். "பொறக்கும்போதே ஊரைக் கூட்டிப் பொறந்தவன். மூஞ்சியைச் சுளிப்பான், கோவக்காரன்னு உங்ககிட்ட வாயால சொன்னேன். அடையாளம் இல்லைன்னு எழுதிக்கிட்டீங்க. நான் சொன்ன வார்த்தையை விட்டுட்டு, நீங்களா ஒண்ணு போட்டீங்களா?"

அவர் உறையிலிருந்த புகைப்படத்தை எடுத்து நீட்டினார். பார்த்தாள். தண்ணீர் ஊதவைத்த முகத்தில் மடிப்பைத் தேடி ஒரு விரலை வைத்தாள். "ஆமா" என்றாள். அந்த நடைக்கூடத்தில் ஒரு முகத்தைப் பார்த்து அவள் 'இல்ல' என்று முடிக்காதது அன்றுதான். பிறகு ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தோண்டி எடுக்க மனு போட வேண்டும். அடையாளத்தாரே எழுதினார். ஒன்பதாவது பத்தி, உரிய காலத்தில் உடல் அடையாளம் காணப்படாததற்கான காரணம். அதில் எழுதினார்: 'குறிப்பு எழுதியவர் அமைதியான என்ற சொல்லைச் சேர்த்தார். உடலில் அதற்கு ஆதாரம் இல்லை.'

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படியா எழுதறது? தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"கோளாறு இல்லைங்க. சொன்னதைத்தான் அது செஞ்சுது."

"உங்க மேலதான் நடவடிக்கை வரும்."

"வரட்டும்ங்க. அது உள்ளதுதானே."

வந்தது. ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. இடப்பட்ட ஆணையில் அந்தச் சொல் மேற்கோள் குறிக்குள் இருந்தது. மனைவியிடம் எதனால் என்று அவர் சொல்லவில்லை. அலுவலகத் தகராறு என்றார். பொய் சொல்லி வழக்கமில்லாததால் அவள் நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு தாளையும் படத்தோடு மாட்டினார். இடம் இல்லை என்று மேலாளர் சொல்லவில்லை. மனுவுக்குப் பதில் வரப் பத்து வாரம் ஆனது. தோண்ட அனுமதி இல்லை, சுகாதாரக் காரணம். கல்லில் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு திங்கட்கிழமை முற்பகலில் இருவரும் போனார்கள். அவர் வர வேண்டும் என்று அவள் கூப்பிடவில்லை; வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வரிசை வரிசையாக முழங்கால் உயரச் சிமெண்டுக் கல். இடுகாட்டுக்காரர் கறுப்புப் பெயிண்டும் தூரிகையுமாகக் குந்தியிருந்து எண்ணைச் சுரண்டிவிட்டுப் பெயரை எழுதினார்.

"கீழ ஒரு வரிக்கு இடம் இருக்கு. எல்லாரும் அமைதியா தூங்கட்டும்னு போடச் சொல்லுவாங்க. போட்டுடவா?"

அவள் அடையாளத்தாரைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. இந்தத் தடவை பாத்ததை மட்டும் சொல்லுங்க."

அவர் கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புருவங்களுக்கு நடுவில் இரண்டு மடிப்பு."

தூரிகை நின்றது. "இதையா? கல்லுல யாராவது அடையாளம் எழுதுவாங்களா? இனிமே ஆளைத் தேடியா வரப்போறாங்க?"

"எழுதுங்க" என்றாள்.

எழுதினார். வரி நீளம், கல் சின்னது. கடைசி எழுத்துகள் ஓரத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்து, முடிவெழுத்து மட்டும் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. கொஞ்சம் சுரண்டிவிட்டு நேராக எழுதித் தருகிறேன் என்றார் இடுகாட்டுக்காரர்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் அவள். "அவனும் எதுக்குள்ளயும் அடங்கினதில்ல."